பழைய வண்டியில் கனமான கேரவன்: சிங்கப்பூரிலிருந்து பெர்த் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெர்த்தில் அண்ணனோ மச்சானோ இருந்தால், பள்ளி விடுமுறை நெருங்கும்போது இந்தப் பேச்சு தானாக வரும்: "என்கிட்ட பழைய ஃபோர்வீல் டிரைவ் இருக்கு, தெரிஞ்சவர் கேரவன் தர்றேங்கிறார், ஹோட்டலே வேண்டாம், கிளம்பி வாங்க." ஐந்து மணி நேர விமானப் பயணம். கடிகாரத்தை மாற்றக்கூடத் தேவையில்லை, அங்கேயும் நம்முடைய நேரம்தான். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவதும் நம்மைப் போலத்தான். எல்லாம் பழகியதாகத் தெரிவதால், பழகாத ஒன்றை மறந்துவிடுகிறோம்: கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு, நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் காருக்குப் பின்னால் எதையும் கட்டி இழுத்ததில்லை.

நாங்கள் இதற்கு ஏற்பாடு செய்தபோது காப்புறுதிக்காரர் ஒன்று சொன்னார், கேரவன் கொடுத்தவர் "எந்த ஃபோர்வீல் டிரைவும் இழுக்கும்" என்றார், மெக்கானிக் இரண்டையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்று பேரிடமும் அலைந்து சேர்த்த விவரத்தைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். சிங்கப்பூரில் பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், சாலையில் ஓடுகிற வண்டி என்றால் யாரோ சோதித்திருப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கிடையாது. இருபது வயது வண்டியும் பதிவுக் கட்டணம் கட்டினால் ஓடும். கடைசியாக யார் அதன் அடியில் குனிந்து பார்த்தார் என்பது சொந்தக்காரருக்கே நினைவில் இருக்காது. எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறீர்கள் என்றும் புறப்படும்போது யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இரண்டையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

1. முதலில் தேதி, பிறகு ஊர்

விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். விமானச் சீட்டைவிட வண்டியின் பழுதுபார்ப்புக்குத்தான் அதிக அவகாசம் வேண்டும். பழைய வண்டிக்கு ஒரு பாகம் வரவழைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

நம் ஜூன் விடுமுறை அங்கே குளிர்காலம். தெற்கே மழை பெய்யும், மாலை 5.20-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் அங்குள்ள பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி நடப்பதால், ஜூன் முதல் திங்களை ஒட்டிய நீண்ட வாரயிறுதியைத் தவிர, தெற்கில் இடம் கிடைப்பது எளிது. எக்ஸ்மவுத், நிங்கலூ போன்ற வடக்குப் பகுதிகளுக்கு அதுதான் உச்சப் பருவம், அங்கே பல மாதம் முன்பே பதிய வேண்டும். டிசம்பரில் இரவு ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஆனால் அது வெயில் காலம், காட்டுத்தீ காலம். தீத்தடை அறிவித்த நாளில் விறகு மூட்டவோ கரியில் வாட்டவோ கூடாது. கிறிஸ்மஸ் முதல் ஜனவரி முடிய முகாம் இடங்களும் நிரம்பியிருக்கும்.

முதன்முறை இழுப்பவர் எக்ஸ்மவுத் போக ஆசைப்பட வேண்டாம். பெர்த்திலிருந்து அது ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். தெற்கே பஸ்ஸல்டன் 220 கிலோமீட்டர்தான், வழி நெடுகச் சமதளம், நல்ல இருவழி நெடுஞ்சாலை. பிடித்திருந்தால் அங்கிருந்து மார்கரெட் ரிவர் வரை இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போகலாம். பெர்த்துக்குக் கிழக்கே மலைச்சரிவு இருக்கிறது. கிரேட் ஈஸ்டர்ன் நெடுஞ்சாலையில் கிரீன்மவுண்ட் இறக்கம் கனரக லாரிகளையே திணறடிக்கும் சரிவு. பழைய பிரேக்கோடும் புதிய கையோடும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. காகிதங்கள்

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இடிஏ எனும் மின்னியல் பயண அனுமதிக்கு ஆஸ்திரேலிய இடிஏ செயலியில் விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் ஆளுக்கு 20 ஆஸ்திரேலிய டாலர். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள், சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்தாலும், 600 எண் கொண்ட வருகையாளர் விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் அதிகம், நாளும் அதிகம். கணவருக்கு ஒரு கடப்பிதழ், மனைவிக்கு வேறு, உடன் வரும் மாமியாருக்கு இன்னொன்று என்று இருக்கிற வீடுகளில் இதை முதல் வேலையாக முடித்துவிட்டு அப்புறம் சீட்டு எடுங்கள்.

நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மேற்கு ஆஸ்திரேலியாவில் வருகையாளராக அதை வைத்தே ஓட்டலாம். சிங்பாஸில் இருக்கும் மின்னியல் உரிமத்தை மட்டும் நம்பாமல் அட்டையையும் எடுத்துப் போங்கள். வண்டி கியர் வண்டியா ஆட்டோவா என்று மச்சானிடம் இப்போதே கேளுங்கள். பழைய ஃபோர்வீல் டிரைவ்களில் கியர் வண்டிகள் நிறைய. வகுப்பு 3ஏ உரிமம் வைத்திருப்பவர் அதை ஓட்ட முடியாது. விமானம் ஏறியபின் இது தெரிந்தால் பயணத் திட்டமே மாறிவிடும்.

வண்டிக்கும் கேரவனுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பதிவெண் இருந்தால் இரண்டும் நடப்பில் இருக்கிறதா என்று அங்குள்ள போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். அங்கே கண்ணாடியில் ஒட்டும் வில்லை இப்போது கிடையாது, வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல மாதம் கொட்டகையில் நின்ற கேரவனின் பதிவு காலாவதியாகிக் கிடப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

3. காப்புறுதி: மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவில் வண்டிப் பதிவுக் கட்டணத்திலேயே ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி சேர்ந்திருக்கிறது. அடுத்தவர் காருக்கோ வேலிக்கோ ஏற்படும் சேதம் அதில் வராது. சொந்தக்காரர் தனியாக எடுத்திருந்தால்தான் உண்டு. பழைய வண்டி என்பதால் பலர் முழுக் காப்புறுதி எடுக்காமல் விட்டிருப்பார்கள்.

வண்டிக்காரர் தன் காப்புறுதி நிறுவனத்திடம் இந்தக் கேள்விகளை எழுதிக் கேட்கட்டும். சிங்கப்பூர் உரிமம் உள்ளவர் ஓட்டலாமா? பெயர் சேர்க்க வேண்டுமா? கேரவனை இழுக்கும்போதும் செல்லுமா? விபத்து நடந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை எவ்வளவு? கேரவன் வேறொருவருடையது என்றால் அவருடைய நிறுவனத்திடமும் இதே கேள்விகள். தொலைபேசியில் "ஆமாம், பரவாயில்லை" என்பது போதாது, மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சொந்தக்காரருக்குச் சும்மா வாங்கிப் போகக் கூச்சமாக இருக்கும், நாள் வாடகை என்று ஏதாவது கொடுப்போம் என்று தோன்றும். வேண்டாம். தனியார் காப்புறுதிகளில் பெரும்பாலானவை வாடகைக்கு விட்ட வண்டிக்குப் பொறுப்பேற்பதில்லை. நன்றி காட்ட வேண்டுமென்றால் வண்டியின் சர்வீஸ் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அது இருவருக்கும் நல்லது.

சாலையோர உதவிச் சந்தா வண்டிக்கு இருக்கலாம். வண்டி நின்றுபோனால் கேரவனையும் சேர்த்துக் கொண்டுபோவார்களா என்று கேளுங்கள். குறைந்த கட்டணச் சந்தா என்றால் கேரவன் சாலையோரத்திலேயே நிற்க வேண்டியிருக்கலாம்.

4. தகடுகளில் இருக்கும் எண்கள்

சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடிய மிக முக்கியமான வேலை இது. நான்கு படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: கேரவனின் தகடு, டோபாரின் (இழுவைக்காக வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) தகடு, வண்டியின் உற்பத்தித் தகடு, வண்டிக் கையேட்டில் இழுவை பற்றிய பக்கம்.

கேரவன் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். டேர் என்பது வெறும் கேரவனின் எடை. ஏடிஎம் என்பது எல்லாச் சாமானும் ஏற்றியபின் அது தாண்டக்கூடாத எடை. டேர் 1,950 கிலோ, ஏடிஎம் 2,450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இடையில் 500 கிலோ இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் 160 கிலோ போயிற்று. 9 கிலோ எரிவாயு உருளை இரண்டு, உள்ளே இருக்கும் வாயு மட்டுமே 18 கிலோ. கூடுதல் பேட்டரி 25. பந்தல் துணி, கம்பி, ஜாக்கி, கட்டைகள், குழாய் எல்லாம் 40. சமையல் சாமான் ஒன்றுகூட ஏறுமுன் ஏறத்தாழ பாதி தீர்ந்துவிட்டது. சொந்தக்காரர் பின்னாளில் கூரையில் சூரியத்தகடோ ஏசியோ பொருத்தியிருந்தால் அது டேர் கணக்கில் இருக்காது.

இழுக்கும் வண்டிப் பக்கம் வருவோம். கையேட்டில் சொன்ன இழுவை அளவு, டோபார் தகட்டில் சொன்ன அளவு, கேரவன் உட்காரும் உருண்டையில் பொறித்த அளவு, இந்த மூன்றில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை. பழைய வண்டிகளில் இந்த எண்ணிக்கை இன்றைய வண்டிகளைவிடக் குறைவு. லேண்ட் குரூசர் என்றாலே 3,500 கிலோ இழுக்கும் என்று பேசுவார்கள். 100 வரிசைக்கு அது சரி, அதற்கு முந்தைய 80 வரிசைக்கு 2,500 கிலோதான். பஜேரோவின் பிற்கால மாடல்கள் 3,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். ஆனால் இழுக்கப்படும் டிரெய்லர், அதாவது கேரவன், 2,500 கிலோவைத் தாண்டினால் உருண்டையின் மேல் இறங்கக்கூடிய பாரம் 250-லிருந்து 180 கிலோவாகக் குறைந்துவிடும். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கேரவனை முடிவு செய்யாதீர்கள்.

அந்த உருண்டைப் பாரம் என்பது கேரவனின் மூக்கு வண்டியின் பின்புறத்தை அழுத்தும் எடை. கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. இது வண்டியின் சுமையாகவே கணக்கில் வரும். பலருக்கும் இது தெரிவதில்லை. வண்டிக்கு ஜிவிஎம் என்று ஒரு எல்லை உண்டு: வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், உருண்டைப் பாரம் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். வண்டி 2,250 கிலோ, ஜிவிஎம் 2,900 என்றால் மிச்சம் 650. ஐந்து பேர் 350, உருண்டைப் பாரம் 240, முன்னால் போட்ட இரும்புத் தடுப்பு 60. முடிந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் வைக்க நினைத்த ஐஸ்பெட்டிக்கும் கூரைமேல் கட்ட நினைத்த மூட்டைக்கும் இடமே இல்லை.

கடைசியாக ஜிசிஎம், வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையின் எல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக எல்லைக்குள் இருந்தாலும் சேர்த்தால் இதைத் தாண்டக்கூடும்.

கணக்கு இடித்தால் சிறிய கேரவனாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் மாற்றுவதற்குக் காசு செலவில்லை.

5. மெக்கானிக்கிடம் இந்தப் பட்டியலோடு போகச் சொல்லுங்கள்

"சர்வீஸ் பண்ணியாச்சு" என்றால் எண்ணெய் மாற்றியாச்சு என்றுதான் பொருள். இழுவைக்கு அது போதாது. புறப்பட ஆறு வாரம் முன்பாவது, கேரவன் இழுக்கப்போகிறது என்று சொல்லியே காட்ட வேண்டும்.

எஞ்சினைக் குளிரூட்டும் பகுதிதான் பழைய வண்டியின் முதல் பலவீனம். ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், விசிறியின் கிளட்ச். தினசரி ஓட்டத்தில் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும், இரண்டு டன் பின்னால் வந்தால் ஏற்றத்தில் மேலே போகும். ஆட்டோ கியர்பெட்டி என்றால் அதன் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் அந்தப் பெட்டி ஏற்கெனவே சூடாகியிருக்கிறது. தனி ஆயில் கூலர் பொருத்துவதைப் பற்றி அப்போதே கேளுங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பல ஆண்டு மாற்றாமல் விட்ட எண்ணெய், நீண்ட இறக்கத்தில் கொதித்து, மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும். மாற்றும் செலவு சொற்பம். பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம்: சக்கர வளைவிலிருந்து தரைவரை உள்ள உயரத்தைக் கேரவன் மாட்டுமுன் ஒருமுறை, மாட்டியபின் ஒருமுறை, நான்கு சக்கரத்திலும் அளந்து பாருங்கள். பின்னால் மிகவும் தாழ்ந்து முன்னால் எழும்பினால் ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிப்பை இழக்கும், இரவில் விளக்கும் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கேரவன் டயர்கள் ஓடாமலேயே கிழடாகும். பட்டை புதிதுபோல் ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். பத்தாண்டு நெருங்கிய டயரோடு புறப்படாதீர்கள், உபரிச் சக்கரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேரவனின் சக்கர பேரிங்குகளில் கிரீஸ் ஆண்டுக்கொருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம். சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். கேரவனில் மின்பிரேக் இருக்கும், சரி. அதை இயக்கும் கருவி இழுக்கும் வண்டியின் ஓட்டுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். மச்சான் இதுவரை குப்பை டிரெய்லர் மட்டும் இழுத்திருந்தால் அந்தக் கருவி அவர் வண்டியில் இருக்காது. கேரவனை மாட்டலாம், விளக்கு எரியும், ஓட்டவும் முடியும். ஆனால் கேரவனின் பிரேக் மட்டும் வேலை செய்யாது. கருவியும் பொருத்துகூலியும் சேர்ந்து சில நூறு டாலர் ஆகும். ஆட்டோ மின்வேலைக்காரரிடம் முன்கூட்டியே நாள் வாங்க வேண்டும். மின்இணைப்புச் செருகி ஏழு முனையா, பன்னிரண்டு முனையா என்பதையும் அப்போதே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. சிங்கப்பூரிலிருந்து என்ன எடுத்துப் போவது

குறைவாக எடுங்கள். கேம்பிங் எரிவாயு டப்பாக்களை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கூடாரம், மலையேறும் காலணி எடுத்துப் போனால் மண் ஒரு துகள்கூட இல்லாமல் கழுவிக் காயவையுங்கள். சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை எடுத்துக்கொண்டாலும் உங்களை விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம் உண்டு, விசாவே ரத்தாகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைகள், இறைச்சி இவற்றைத் தொடவே வேண்டாம். பெர்த்தில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, பருப்பும் மசாலாவும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

7. சாமான் அடுக்குவதும் எடைமேடையும்

கேரவனின் அச்சு, காவடித் தண்டுக்கு அடியில் இருக்கும் தோள் போன்றது. பின்கோடியில் பாரம் ஏறினால் முன்கோடி எழும்பும். மூக்கின் அழுத்தம் குறைந்த கேரவன் வேகத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம்தான் வண்டியையே கவிழ்ப்பது. அதனால் அரிசி மூட்டை, குக்கர், தண்ணீர்க் கேன், கருவிப்பெட்டி எல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், தரைமட்டத்தில். துணி, போர்வை, தலையணை மட்டும் மேலடுக்கிலும் பின்னாலும். பின் பம்பரில் சைக்கிள் மாட்டும் சட்டம் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள். ஒரு தொட்டி தண்ணீர் போதும் என்றால் அச்சுக்கு அருகில் உள்ள தொட்டியை நிரப்பி, மற்றதைக் காலி செய்யுங்கள். பாதித் தொட்டியில் தண்ணீர் அலையும்.

எல்லாம் ஏற்றி, டாங்க் நிரப்பி, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பொது எடைமேடைக்குப் போங்கள். சில பத்து டாலர்தான் கேட்பார்கள். வீட்டுக்கே கருவியோடு வந்து எடை பார்ப்பவர்களும் உண்டு, அவர்கள் கட்டணம் அதிகம். மேடையில் மூன்று எடை வாங்குங்கள். முதலில் கேரவன் மாட்டியபடியே வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில். அடுத்து இரண்டும் சேர்ந்து முழுதாக. கடைசியில் கேரவனைக் கழற்றி அதை மட்டும்.

வண்டிச் சக்கரம் 2,880, மொத்தம் 5,080, கேரவன் தனியாக 2,430 என்று வந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: 2,880-ஐ ஜிவிஎம்முடன் ஒப்பிடுங்கள், 5,080-ஐ ஜிசிஎம்முடன், 2,430-ஐ ஏடிஎம்முடன். மொத்தத்திலிருந்து வண்டியைக் கழித்தால் கேரவன் சக்கரங்களின் எடை 2,200. கேரவன் தனி எடையிலிருந்து அதைக் கழித்தால் உருண்டைப் பாரம் 230, பத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது, நல்லது. எதிலாவது எல்லை தாண்டினால் அங்கேயே சாமானை இறக்குங்கள். "இவ்வளவு தூரம்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எடை மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

இதைப் புறப்படும் நாள் காலையில் வைத்துக்கொள்ளாமல் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். பல எடைமேடைகள் வாரயிறுதியில் திறந்திருக்காது.

8. மாட்டும் முறை

எப்போதும் ஒரே ஆள், ஒரே வரிசையில் மாட்ட வேண்டும். இடையில் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

கேரவனின் மூக்கை உருண்டைக்கு மேல் இறக்குங்கள். பூட்டும் கைப்பிடி கீழே விழுந்து, மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக உட்கார்ந்ததுபோலவே இருக்கும். அதை நம்பாமல் குனிந்து, கிரீஸ் ஒட்டினாலும் பரவாயில்லை, விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். பூட்டின் நாக்கு உருண்டையின் கீழ்ப்பக்கத்தைக் கவ்வியிருக்க வேண்டும். சில சமயம் நாக்கு உருண்டையின் மேலேயே மடிந்து உட்கார்ந்திருக்கும், முதல் மேட்டில் கழன்றுவிடும். உறுதிசெய்ய, முன்சக்கர ஜாக்கியைத் திரும்பச் சுற்றி மூக்கைச் சிறிது உயர்த்துங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது.

அப்புறம் சங்கிலி. 2,500 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. இரண்டென்றால் மூக்குக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட வேண்டும், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தாங்கும். சங்கிலியை வண்டியில் மாட்ட எடை பொறித்த கொளுவிதான் போட வேண்டும், பொறிக்காத கொளுவி வேண்டாம். தானாகப் பிடிக்கும் பிரேக்கின் கம்பியை வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள், சங்கிலியில் மாட்டாதீர்கள். மின்செருகி, முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டுவது, கைபிரேக்கை விடுவது. ஒருவர் பின்னால் நிற்க, எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளில் கேரவனின் இரு பக்கமும் தெரியவில்லை என்றால் நீட்டிப்புக் கண்ணாடி போட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும் கேரவனுக்குள் யாரும் உட்காரக்கூடாது. பிள்ளை தூங்கிவிட்டாலும் கார் சீட்டில்தான்.

9. சாலைக்குப் போகுமுன் காலியிடத்தில் ஒரு காலைப்பொழுது

ஞாயிறு காலை, கடைத்தொகுதி திறக்குமுன் அதன் பெரிய கார் நிறுத்துமிடம் போதும், யாரும் வேண்டாம் என்று சொல்லாத இடமாகப் பாருங்கள். முதலில் மின்பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய், கருவியிலுள்ள கைவிசையை மட்டும் அழுத்துங்கள். கேரவன் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும், சக்கரம் தேய்ந்து கிறீச்சிடக்கூடாது. அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறையுங்கள். அந்தக் கைவிசை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தொடும் அளவுக்குக் கை பழக வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாக, மெதுவாக. கோணம் கூடிவிட்டால் சமாளிக்கப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கி மறுபடி தொடங்குங்கள். பின்னால் நிற்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். அவர் மறைந்த கணமே வண்டி நிற்க வேண்டும்.

10. சாலையில்

இழுக்கும்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் சட்ட எல்லை 100 கிலோமீட்டர், பலகை 110 என்று சொன்னாலும். பழைய வண்டிக்கு 90 போதும். ஆட்டோ கியரில் ஓவர்டிரைவை (மிக உயர்ந்த கியர்) அணைத்துவிடுங்கள், கியர் மேலும் கீழும் தாவித் தாவி எண்ணெயைச் சூடாக்காது. இறக்கம் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள்.

கேரவன் ஆடத் தொடங்கினால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். மிதிக்காதீர்கள். முடுக்கியிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கைவிசையால் கேரவனின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்துங்கள். ஆட்டம் அடங்கியதும் நிறுத்தி, சாமானை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நீளமான ரோடு டிரெயின் லாரிகள் முந்தும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். அவற்றில் சில 50 மீட்டருக்கும் மேல் நீளம். கண்ணாடியில் தெரிந்ததுமே இரு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். சக்கர நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சக்கர மையத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அப்படியே தொடராதீர்கள்.

பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும் கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம். இரண்டு டன் பின்னால் இருக்க, சட்டென்று ஒதுங்க முடியாது. ஜூனில் போனால் நான்கு மணிக்கே முகாமில் நின்றுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11. செலவு

பெர்த்தில் சுங்கச் சாலை கிடையாது. எரிபொருள்தான் பெரிய செலவு. பழைய பெட்ரோல் ஃபோர்வீல் டிரைவ் கேரவனோடு 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். பஸ்ஸல்டன் போய்வரவே 90 லிட்டர் ஆகும் என்று கணக்கு வையுங்கள். ஃபியூவல்வாட்ச் என்ற அரசாங்கச் சேவையில் நாளைய விலை இன்று பிற்பகல் 2.30-க்குத் தெரிந்துவிடும், காலை 6 மணி தொடங்கி 24 மணி நேரத்துக்கு அந்த விலைதான். விலை ஏறி இறங்குவதால் பார்த்து நிரப்பினால் நல்ல மிச்சம் உண்டு.

வண்டிக்கான செலவில் பிரேக் கருவி, டயர், பேரிங் இவை மூன்றும் கைமீறிப் போகக்கூடியவை. இவை வண்டியோடும் கேரவனோடும் தங்கிவிடும் பொருள்கள் என்பதால் யார் எவ்வளவு கொடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். எல்லாம் கூட்டி, கேரவன் வாடகை நிறுவனம் கேட்கும் தொகையைவிட அதிகமானால் தயங்காமல் வாடகைக்கே போங்கள், பராமரித்த வண்டியும் காப்புறுதியும் சேர்ந்தே வரும்.

12. திருப்பிக் கொடுப்பது

விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளை முழுதாக ஒதுக்குங்கள். கழிவறைப் பெட்டியை அதற்கென உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும், அந்த இடம் எது என்று வழியிலேயே பார்த்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டிகளை வடித்து, எரிவாயு வால்வை மூடி, குளிர்பெட்டியின் கதவைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வழியில் கேட்ட சத்தம், சூடேறிய முள், சிமிட்டிய விளக்கு எதுவானாலும் எழுதிக் கொடுங்கள். எடைமேடைச் சீட்டையும் வண்டியின் முன்பெட்டியில் விட்டுவிடுங்கள், மச்சான் அடுத்தமுறை அதே கேரவனை மாட்டும்போது கணக்கை அதிலிருந்து தொடங்கலாம்.